நாற்பத்தொரு சொம்பு வலி

மாயழகு மாஸ்டரின் தொடைவலி அவரை விட்டு இறங்கி இன்னோர் ஆளிடம் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், குழாயில் தண்ணீர் வந்து கால் மணி நேரம் கழித்து, காம்பவுண்டின் பதினெட்டு வீட்டு ஆட்களும் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது. அதனால் அது நடந்ததா இல்லையா என்று பிற்பாடு யாரும் யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை, எத்தனை மணிக்கு நடந்தது என்பதில் மட்டும்தான் இரண்டு கட்சி இருந்தது.

அந்தக் காம்பவுண்டு மதுரையில், வைகைக்குத் தென்கரையில், ஆட்டோ ஒன்று நுழைந்தால் எதிரே வரும் ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துக்குள் இருந்தது. இரண்டு பக்கமும் வீடுகள், நடுவில் முற்றம், முற்றத்துக்கு நடுவில் ஒரே ஒரு குழாய். ஒன்றுவிட்டு ஒருநாள் காலை ஆறு மணிக்கு வரும் தண்ணீர் ஏழரைக்குச் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பதினெட்டு வீட்டுக்கும் பிரித்துக் கொடுப்பவள் மாஸ்டரின் பெண்டாட்டி பஞ்சவர்ணம். ஒரு கம்பியில் பதினெட்டு சோடா மூடிகளைக் கோத்துக் குழாயோடு கட்டி வைத்திருந்தாள். ஒரு வீடு பிடித்து முடித்ததும் ஒரு மூடியை இந்தப் பக்கம் தள்ளுவாள், அடுத்த வீட்டை விடுவாள், முதல் நாள் முதலில் பிடித்தவர்கள் அடுத்த முறை கடைசியில் நிற்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு முதல் முறை, கல்யாண வீட்டுக்கு இரண்டு முறை, துக்க வீட்டுக்கு மற்ற வீடுகள் ஆளுக்கொரு குடம் என்று அவள் வைத்ததுதான் சட்டம், அந்தச் சட்டத்தில் அவளுக்கு ஒரு கர்வமும் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குழாயடியில் சண்டை கிடையாது, ஒன்பதாம் நம்பர் வீட்டு ஜெசிந்தா டீச்சரைத் தவிர. நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டீச்சர், ஒவ்வொரு முறையும் தன் குடத்துக்குள் மூக்குக் கண்ணாடியோடு எட்டிப் பார்த்து, "பஞ்சவர்ணம், எம்பங்கு கொறையுது" என்று சொல்லாமல் நகர்ந்ததில்லை.

மாயழகு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் முப்பது வருஷமாகப் புரோட்டா மாஸ்டர். சாயங்காலம் நாலு மணிக்குக் கல் முன்னால் நின்றாரென்றால் கடை சாத்தும் வரைக்கும் உட்கார மாட்டார். மாவை அவர் வீசினால் எதிர்ப்பக்கம் நிற்கிறவர் முகம் அதற்குள் தெரியும் என்பார்கள். ஐப்பசியில் அந்தக் கல் முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து, ஐந்து வகை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதில் ராத்திரிக்குப் போடும் கொழுப்பு மாத்திரையைத் தனியாகத் தூக்கிக் காட்டி டாக்டரம்மா சொன்னார், "இத விடவே கூடாதுய்யா, குழாய் மறுபடி அடைக்காம இருக்குறது இதாலதான். ஆனா சில பேருக்குச் சதை வலி வரும். வந்தா தாங்கிக்கிட்டு இருக்காதீங்க, எங்க வலிக்குது, எவ்வளவு வலிக்குதுன்னு வந்து சொல்லுங்க." அந்தச் சொல்லில் முதல் பாதியைக் காம்பவுண்டு அப்படியே பிடித்துக்கொண்டது, இரண்டாம் பாதியைத்தான் தவறவிட்டது.

வலி கார்த்திகையில் வந்தது. இரண்டு தொடையிலும், தோள்பட்டையிலும், எட்டு மணி நேரம் மாவு பிசைந்தவனுக்கு வரும் அசதி மாதிரியே, ஆனால் பிசையாமலே வந்தது. மாஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை, தங்கள் வீட்டு முறை வந்தபோது, பஞ்சவர்ணம் மூடியைத் தள்ளிக்கொண்டிருந்த அசந்த நேரத்தில், அவர் குனிந்து நிறைகுடத்தைத் தூக்கிவிட்டார். மூன்றாம் நம்பர் வீட்டு ஆட்டோக்காரர் காஜா பாய் பாய்ந்து வந்து, "குடுங்க மாஸ்டர், நெஞ்ச வச்சுக்கிட்டு என்ன வேல இது" என்று குடத்தைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மாஸ்டர், இந்தக் கனம் கனக்குது?"

"கனமில்லப்பா, அது வலி. தொடையில வந்துருக்குமே?"

"ஆமா, ரெண்டு தொடையிலயும்."

"என்னுதுதான்" என்றார் மாஸ்டர், கொஞ்சம் கூச்சத்தோடு, தன் செருப்பை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்த மாதிரி. பிறகு வலது காலைத் தூக்கிப் பார்த்தார், இடது காலைத் தூக்கிப் பார்த்தார், உட்கார்ந்து எழுந்து பார்த்தார். ஒன்றுமில்லை.

அன்று முழுக்க காஜா பாய் அந்த வலியோடு ஆட்டோ ஓட்டினார். சாயங்காலம் அவர் வீட்டில் அந்தக் குடத்துத் தண்ணீரில் பாதியை வேறொரு குடத்தில் ஊற்றி மச்சினன் கையில் கொடுத்தபோது பாதி வலி மச்சினனுக்குப் போனது. மீதியை வாசல் கழுவக் கொட்டியபோது, மறுபடி வேலைக்குப் போய் பஸ் ஸ்டாண்டுக் கடையில் கல் முன்னால் நின்ற மாஸ்டரின் தொடைக்கு அந்தப் பாதி திரும்பி வந்தது. இப்படியாக இரண்டே நாளில் காம்பவுண்டுக்கு அந்த வலியின் போக்கு பிடிபட்டுவிட்டது: அவர் தூக்கிக் கொடுத்த தண்ணீரில் அது இருக்கும், யார் கையில் வாங்குகிறார்களோ அவர்களுக்குப் போகும், ஊற்றிப் பிரித்தால் பிரியும், கொட்டினால் சொந்தக்காரரிடமே வந்து சேரும். தண்ணீரைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு பொருளை என்ன செய்வது என்று அந்தக் காம்பவுண்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஒரு குடம், ஒரு வீட்டுக்கு ஒரு சொம்பு" என்றாள் பஞ்சவர்ணம். "பதினெட்டு வீட்டுக்குப் பதினெட்டு சொம்பு. எங்க வீட்டுக்கும் ஒண்ணு, அது எனக்கு."

மாஸ்டர் வேண்டாமென்றுதான் சொன்னார். யாரும் கேட்கவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் அண்டாவில் சால்னா வைத்து முற்றத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் பத்துப் புரோட்டா போட்டுத் தருகிற மனுஷன். அவர் வலியில் ஒரு சொம்பு வாங்கமாட்டேன் என்று எந்த வீடு சொல்லும்?

அதற்குப் பிறகு அந்த வலி காம்பவுண்டின் காரியங்களில் ஒரு காரியமாகிவிட்டது. தண்ணீர் வரும் நாளில் மாஸ்டர் குடத்தைத் தூக்கி நிற்கும் அந்த நொடியில், வலி அவரிடம் தங்காமல் குடத்துக்கே போகும்படி, பழைய சொம்பைச் சாக்கடையில் கொட்டி, கழுவி, அவர் கையாலேயே புதுச் சொம்பு வாங்கி, தட்டு போட்டு மூடி அடுப்படி மூலையில் வைப்பார்கள். வீட்டில் அந்த முறைக்கு யார் கையில் வாங்கினார்களோ அவர்களுக்கு அடுத்த தண்ணீர் வரும் வரை தொடையில் லேசாக ஒரு பிடிப்பு இருக்கும், தோளில் ஒரு கடுப்பு இருக்கும். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும் முழுகாமல் இருக்கும் பெண்களுக்கும் கொடுப்பதில்லை என்று முடிவானது. ரேஷன் கடை வரிசையில், "இன்னிக்கு மாஸ்டர் வலி என்னுது" என்று சொன்னால் ஸ்டூல் எடுத்துப் போட்டார்கள். காஜா பாயின் அம்மா நோன்பு மாதத்துக்கும் சேர்த்து இப்போதே வாங்கிக்கொள்கிறேன் என்று கணக்குப் பேசினார். பதினோராம் நம்பர் வீட்டு மாப்பிள்ளை தன் சொம்போடு ஒரு கல்யாணத்துக்குப் போய், ஆட்டம் போட முடியாமல் பந்தியில் பரிமாறிவிட்டு வந்தான். காலியான ஒரு வீட்டுக்குக் குடிவர வந்தவர்களிடம் வீட்டுக்காரர், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள், வாரத்துக்கு மூன்று நான்கு சொம்பு வலி என்று ஒரே மூச்சில் சொன்னார், அவர்கள், "சொம்பு நாங்க கொண்டு வரணுமா, நீங்களே தருவீங்களா?" என்று மட்டும் கேட்டார்கள்.

வலியை வாங்கியவர்களுக்கு அதன் மேல் ஒரு ஆர்வமும் வந்துவிட்டது. அதை விசாரித்தார்கள். மாடிப்படி ஏறும்போது அது விழித்துக்கொள்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். வெந்நீர் ஊற்றினால் கொஞ்ச நேரம் தூங்குகிறது என்று ஒருவர். மூட்டில் இல்லை, எலும்பில் இல்லை, சதைக்குள் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது என்று சொன்னது ஜெசிந்தா டீச்சர். ஒரு டாக்டர் கேட்க வேண்டிய அத்தனை விவரமும் அந்த முற்றத்தில் ஆளுக்கு ஆள் தெரிந்திருந்தது. டாக்டரிடம் போகிற ஒரே ஆளுக்கு மட்டும் அது தெரியாது, அவரிடம்தான் வலி இல்லையே.

மார்கழியில் முதல் பரிசோதனைக்குப் போனார்கள். ரத்தத்தில் கொழுப்பு நினைத்த அளவு இறங்கவில்லை. டாக்டரம்மா கேட்டார், "சதை வலி ஏதும் இருக்காய்யா?"

மாஸ்டர் பொய் பேசுகிறவர் இல்லை. தொடையைத் தொட்டுப் பார்த்தார், யோசித்தார், "எனக்கு இல்லம்மா" என்றார்.

"நல்லது. அப்ப மாத்திரைய ரெட்டிப்பாக்குவோம்" என்று டாக்டரம்மா எழுதினார். பக்கத்தில் நின்ற பஞ்சவர்ணத்துக்கு அன்றைக்கு அந்தப் பதிலில் ஒரு குறையும் தெரியவில்லை, பெருமையாகக்கூட இருந்தது.

தை பிறந்து பத்து நாளிருக்கும். குழாயடியில் சொம்பை வாங்கிய ஜெசிந்தா டீச்சர் நகராமல் நின்றார்.

"பஞ்சவர்ணம், எம்பங்கு கூடுது."

"என்ன டீச்சர், இத்தன வருஷமா கொறையுதும்பீக, இப்பக் கூடுதா?"

"கூடத்தான் செய்யுது. போன வாரத்தவிட அதிகம். நேத்து என்னால கட்டில்ல இருந்து எந்திரிக்க முடியல."

பஞ்சவர்ணம் சொம்பை வாங்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பார்த்தாள். கழுத்துக் கோடு வரைக்கும் தண்ணீர், ஒரு விரல் கூட இல்லை. பத்தாம் நம்பர் வீட்டுச் சொம்பைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே அளவு. அளவு சரியாக இருந்தால் பங்கும் சரியாக இருக்கும் என்பது அவளுக்கு இருபத்திரண்டு வருஷத்துப் பாடம். அதே அளவு தண்ணீருக்குள் வலி கெட்டிப்பட்டுக்கொண்டே வரலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவளாக அடுத்த முறை டீச்சருக்கு இரண்டு விரல் குறைத்துத் தன் சொம்பில் சேர்த்துக்கொண்டாள். டீச்சர் மறுபடியும் கூடுகிறது என்றார். அதற்கடுத்த முறையும் சொன்னார். அன்றைக்குத்தான் பஞ்சவர்ணத்தின் வாயில் அது வந்துவிட்டது, பதினெட்டு வீடும் கேட்க.

"தண்ணியிலயும் குத்தம், வலியிலயும் குத்தம். கடவுளே வந்து அளந்து ஊத்துனாலும் ஒங்களுக்குத் திருப்தி வராது டீச்சர். இஷ்டமில்லன்னா விட்டுருங்க, ஒங்க சொம்ப நான் வாங்கிக்கிறேன்."

டீச்சரின் முகம் சிறுத்துப்போனது. சொம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். அதற்குப் பிறகும் முறை தவறாமல் வந்து வாங்கினார், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. கூடுகிறதென்றும் இல்லை, குறைகிறதென்றும் இல்லை. குழாயடி நிம்மதியாகிவிட்டது என்று பஞ்சவர்ணம் நினைத்தாள்.

எதற்கும் பங்கை இலேசாக்கிவிடுவோம் என்று பக்கத்துக் காம்பவுண்டில் பேசினாள். அங்கே இருபத்து மூன்று வீடு. அவர்களுக்கும் மாஸ்டரின் கையால் சாப்பிட்ட கடன் இருந்தது. மாசியிலிருந்து நாற்பத்தொரு வீட்டுக்கு ஆளுக்கு அரைச் சொம்பானது. மூடிக் கம்பியில் இருபத்து மூன்று புது மூடிகள் ஏறின. இவ்வளவு பெரிய முறையை ஒரு நாள் பிசகாமல் நடத்துகிறாளே என்று வந்தவர் போனவரெல்லாம் பாராட்டினார்கள்.

மாஸ்டருக்கு வலி இல்லை. ஆனால் பலமும் இல்லை. வீசிய மாவு காற்றில் விரியாமல் கல்லில் சுருண்டு விழுந்தது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைத் தேடினார். பஸ் படியில் காலை வைக்கக் கையால் தொடையைத் தூக்கி வைத்தார். "நெஞ்சுக்கு வந்து எந்திரிச்ச ஒடம்பு, மெதுவாத்தான் தேறும்" என்றார்கள். "வலிதான் இல்லையே" என்றார்கள். அவரும் அதையே நம்பினார். கடை முதலாளி அவரை வெங்காயம் நறுக்கும் பெஞ்சில் உட்கார வைத்தபோது வீட்டில் வந்து சொல்லவில்லை. பஞ்சவர்ணம் அதைக் காஜா பாய் வாயால்தான் கேட்டாள். வலி இல்லாத ஆள் ஏன் இப்படிக் கரைகிறார் என்பது அவளுக்குப் புரியவில்லை.

பங்குனி முதல் வாரத்தில் அடுத்த பரிசோதனை. டாக்டரம்மா போன தடவை மாதிரியே கேட்டார், மாஸ்டரும் போன தடவை மாதிரியே, "எனக்கு இல்லம்மா" என்றார். எழுதப்போன டாக்டரம்மா, அவர் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க மேஜையைப் பிடித்ததைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"கையூன்றாம எந்திரிங்க பாப்போம்."

மாஸ்டரால் முடியவில்லை.

"ஒண்ணுக்கு என்ன நிறத்துல போகுது?"

"நாலஞ்சு நாளா வரக்காப்பி மாதிரிம்மா. அடுப்பு முன்னால நின்னு பழகுன ஒடம்பு, சூடுதானே?"

"இவ்வளவுக்கும் வலியே இல்லன்னு சொல்றீங்க. நெசமாவே இல்லையா?"

"எங்கிட்ட இல்லம்மா. காம்பவுண்டுல இருக்கு."

டாக்டரம்மா நிமிர்ந்து பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். "எத்தன வீடு?"

"மொதல்ல பதினெட்டுங்க. இப்ப நாப்பத்தொண்ணு."

"ஏன் கூட்டுனீங்க?"

அந்தக் கேள்வியில் ஒன்பதாம் நம்பர் வீட்டு வாசல் பஞ்சவர்ணத்தின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, சொம்போடு டீச்சர் உள்ளே போன முதுகு தெரிந்தது.

"இவர இங்கேயே படுக்க வைக்கிறேன், ரத்தத்த டெஸ்டுக்கு அனுப்புறேன்" என்றார் டாக்டரம்மா. "நீங்க போயி அது மொத்தத்தையும் ஒரே குடத்துல கொண்டு வாங்க. எவ்வளவுன்னு எனக்குத் தெரியணும்."

காஜா பாயின் ஆட்டோவில் அவள் காம்பவுண்டுக்கு வந்தபோது உச்சிவெயில். முற்றத்தில் குடத்தை வைத்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய், "சொம்பக் குடுங்க, டாக்டரு கேக்குறாக" என்றாள். ஒவ்வொருவராக வந்து ஊற்றினார்கள். ஊற்றும்போதுதான் ஒவ்வொரு வாயாகத் திறந்தது. அக்கா, ஒரு மாசமா கொஞ்சம் கூடத்தான் இருந்துச்சு. மாஸ்டர் மனசு சங்கடப்படுமேன்னு சொல்லல அத்தாச்சி. எங்க பங்கு மட்டும்தான் அப்படியோன்னு நெனச்சேன் மதினி, எப்படிச் சொல்றது. பதினோராம் நம்பர் வீட்டு மாப்பிள்ளை பத்து நாளாக வேலைக்குப் போகவில்லையாம், வீட்டில் சளி என்று சொல்லியிருக்கிறான். நாற்பது வீட்டுக்காரர்கள், அவ்வளவு பேரும் நல்லவர்கள், அவ்வளவு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கடைசியில் ஜெசிந்தா டீச்சர் வந்து, ஒன்றும் சொல்லாமல் தன் அரைச் சொம்பை ஊற்றிவிட்டுப் போனார்.

பிறகு அவள் குனிந்து குடத்தைத் தூக்கினாள்.

இருபத்திரண்டு வருஷம் குடம் தூக்கிய இடுப்பு அது. இருந்தும் அவள் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தொடையை மரக்கிட்டியில் வைத்து நெரிப்பது போல, தோளிலிருந்து சதையை யாரோ கையால் கிழித்து எடுப்பது போல, இப்படியொரு வலி தன் புருஷன் உடம்பில் இருக்கிறது என்று தெரியாமல் அவர் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஆட்டோவில் ஏறினாள். குடத்தைக் காஜா பாயிடம் கொடுக்க மறுத்துவிட்டாள், ஒரு சொட்டு தெறிக்க விடவில்லை, மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினார். "இப்படிக் குடுங்க."

"வேணாம்மா, நீங்க சின்னப்பிள்ள."

"குடுங்க."

குடம் கை மாறியது. டாக்டரம்மா அதை மார்போடு அணைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார், உதடு வெளுத்துப்போயிற்று. பிறகு எழுந்திருக்காமலே, ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சீட்டை இழுத்து, கொழுப்பு மாத்திரையின் பெயர் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"சதை கரையுது. கரையுறது ரத்தத்துல எறங்கி கிட்னிக்குப் போகுது" என்றார். "நல்லவேளை வந்தீங்க. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல."

மாஸ்டரின் கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. பஞ்சவர்ணம் குடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "இத என்னம்மா செய்ய? நான் வச்சுக்கிறேன். எனக்கு ஒண்ணுமில்ல, நான் தாங்குவேன்."

"கொட்டிருங்க."

"கொட்டுனா இவுகளுக்குப் போயிரும்."

"போகணும்மா. கொறையுதா கூடுதான்னு இவர் வாய்ல கேட்டாத்தான் நான் வைத்தியம் பாக்க முடியும்."

வார்டு மூலையில் கை கழுவும் தொட்டி இருந்தது. கட்டிலுக்கும் அந்தத் தொட்டிக்கும் எட்டடி தூரம். அந்த எட்டடியை நடக்க அவளுக்கு நேரமாயிற்று. குடத்தைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "ஊத்து பஞ்சு" என்றார், "ஊர் சொமந்தது போதும்."

ஊற்றினாள். கடைசிச் சொட்டு விழுவதற்குள் மாஸ்டர், "ஆத்தா" என்று சொல்லிக் கட்டில் கம்பியைப் பிடித்தார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படியொரு சத்தம் வந்து அவள் கேட்டதில்லை. ஓடிப்போய் அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பன்னிரண்டு நாள் மாஸ்டர் யார் கேட்டாலும் உள்ளதைச் சொன்னார். நேத்து தோள்ல இருந்துச்சு, இன்னைக்குத் தொடையில மட்டும்தான், இன்னைக்கு முக்காவாசி, இன்னைக்குப் பாதி. அவர் சொல்லச் சொல்ல நர்சுகள் எழுதிக்கொண்டார்கள். ஆறாம் நாள் நிறம் தெளிந்தது, பத்தாம் நாள் கையூன்றாமல் எழுந்து நின்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, உடம்பு நன்றாகத் தேறட்டும், ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்றார். ஆறு வாரம் கழித்து வேறொரு மாத்திரை கொடுத்தார். "கொழுப்புக்கு மருந்தே இல்லாம விட்டா நெஞ்சு திரும்பக் கேக்கும். இது வேற மருந்து, ரொம்பச் சின்ன அளவு. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாப் போதும்."

"தண்ணி வர்ற மாதிரியாம்மா?" என்றாள் பஞ்சவர்ணம்.

"ஆமா, தண்ணி வர்ற மாதிரி. வலி வந்தா பங்கு வைக்காதீங்க, இவர்கிட்டயே இருக்கட்டும், இவரு வந்து சொல்லட்டும்."

"இவுக சொல்ல மாட்டாக. ஆஸ்பத்திரிங்குறதால சொன்னாக. கல்லு முன்னால போயி நின்னுட்டா வாயே தெறக்காது."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அப்ப ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரு சொம்பு குடுங்க. ஆனா, பாவம்னு தாங்கிக்கிறவங்களா இருக்கக் கூடாது. உள்ளத உள்ளபடி மொகத்துக்கு நேரா சொல்றவங்களா இருக்கணும். அப்படி ஒரு வீடு இருக்கா?"

இருந்தது. நாற்பத்தொரு வீட்டில் ஒரே ஒரு வீடுதான் இருந்தது.

அன்று சாயங்காலம் பஞ்சவர்ணம் ஒன்பதாம் நம்பர் வாசலில் போய் நின்றாள். என்னென்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் கோத்து வைத்திருந்தாள். டீச்சர் கதவைத் திறந்தார். "நான் பேசுனது தப்பு டீச்சர். நீங்க ஒருத்தர்தான் சொன்னீக. நான் சொம்பத்தான் பாத்தேன்" என்று மட்டும் வந்தது. பிறகு டாக்டரம்மா சொன்னதைச் சொன்னாள்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார்.

"எந்தச் சொம்பு, பெருசா சின்னதா?"

"பெருசு டீச்சர்."

"கழுத்து வரைக்கும் இல்ல, தளும்பத் தளும்ப இருக்கணும்."

"இருக்கும் டீச்சர்."

புது மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்த முதல் தண்ணீர் நாளில் டீச்சர் சொம்பை வாங்கி, முற்றத்தில் நாலு எட்டு நடந்து, தொடையில் கொஞ்சம் இருக்கிறது என்றார். பழைய வலியின் மிச்சமாக இருக்கும் என்று மாஸ்டர் சொன்னார். இரண்டாம் முறையும் கொஞ்சம் இருக்கிறது என்றார், அன்று ராத்திரி பஞ்சவர்ணம் தூங்கவில்லை. மூன்றாம் முறை மாடிப்படி ஏறிப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்று போனவர், இறங்கி வந்து, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றார்.

நான்காம் முறை ஒரு செவ்வாய்க்கிழமை. காஜா பாய் ஆட்டோவை வெளியே எடுக்காமல் நின்றார், பதினோராம் நம்பர் வீட்டு மாப்பிள்ளை பல்குச்சியோடு நின்றான், பதினெட்டு வீட்டுக் குடமும் வரிசையில் நின்றது, யாரும் மூடியைத் தள்ளச் சொல்லவில்லை. மாஸ்டர் குடத்தைத் தூக்கினார். கையூன்றாமல் குனிந்து, கையூன்றாமல் நிமிர்ந்தார். அவரே ஊற்ற, டீச்சர் சொம்பை நீட்டினார், தளும்பத் தளும்ப நிறைந்தது. டீச்சர் நடந்து பார்த்தார். உட்கார்ந்து எழுந்தார். மாடிப்படியில் ஏறி இறங்கினார். தொடையை அமுக்கிப் பார்த்தார், தோளை உருட்டிப் பார்த்தார், பிறகு சந்தேகத்தோடு சொம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"பஞ்சவர்ணம்" என்றார், "எம்பங்கு கொறையுது."

பஞ்சவர்ணம் குழாயடி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். குழாய் திறந்தது திறந்தபடி ஓடியது, தண்ணீர் யாருடைய குடத்திலும் இல்லாமல் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது, அவள் மூடவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

டீச்சர் சொன்னார்.